அழுதது பூனை அல்ல

நேயர்களே, உங்கள் வீட்டில் எப்போதாவது ராத்திரியில் பூனை அழுதிருக்கிறதா?

எங்கள் பாட்டி வீட்டில் அழுதிருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம். பழைய நாளைய நீண்ட வீடு. வாசல் திண்ணையிலிருந்து கூப்பிட்டால் கொல்லைக் கிணற்றடியில் இருப்பவர் காதில் விழாது. கோடை விடுமுறைக்குப் போகும் பேரக் குழந்தைகள் ஏழெட்டுப் பேர் கூடத்தில் ஜமக்காளத்தை விரித்து வரிசையாகப் படுத்திருப்போம். நடுநிசியில் இரண்டாம் கட்டிலிருந்து ஓர் ஓசை வரும். அடக்கி அடக்கி, விட்டு விட்டு வரும்.

"பாட்டி, யாரோ அழறாங்க" என்பேன்.

"பூனைடி. கண்ணை மூடிக்கிட்டுத் தூங்கு" என்பாள் பாட்டி.

பாட்டி சொன்னதற்கு எங்கள் வீட்டில் அப்பீல் கிடையாது. ஆனால், காலையில் எழுந்து வீடு முழுவதும் தேடினாலும் ஒரு பூனைக்குட்டி கூட அகப்படாது!

அந்தப் பூனையை என் பன்னிரண்டாவது வயதில் நான் கண்டுபிடித்தேன். கண்டுபிடிக்கத் தூண்டியது ஒரு புத்தகம். அந்தப் புத்தகத்தைப் பற்றித்தான் இப்போது உங்களோடு பேசப் போகிறேன். பூனை விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன். தொடர்கதை படித்துப் பழகியவர்களுக்குக் காத்திருப்பது புதிதா என்ன?

* * *

புத்தகத்தின் பெயர் 'தி ஸீக்ரெட் கார்டன்'. 'ரகசியத் தோட்டம்' என்று நாம் வைத்துக் கொள்ளலாம். எழுதியவர் பிரான்ஸிஸ் ஹாட்ஜ்ஸன் பர்னெட் என்ற பெண்மணி. 1910-ஆம் வருஷக் கடைசியில் அமெரிக்காவில் ஒரு பத்திரிகையில் தொடர்கதையாக ஆரம்பித்து, 1911-ல் புத்தகமாக வெளிவந்தது. வேடிக்கை என்னவென்றால், அது குழந்தைகள் பத்திரிகை அல்ல. பெரியவர்கள் படிக்கும் பத்திரிகை. கதாநாயகிக்கோ வயது பத்து!

அந்தக் கதாநாயகியும் லேசுப்பட்டவள் அல்ல. குழந்தைக் கதை என்றால் கன்னத்தில் குழி விழச் சிரிக்கும் ஒரு பெண்ணைத்தானே எதிர்பார்ப்போம்? மேரி லென்னாக்ஸுக்கு மெலிந்த உடம்பு, மஞ்சள் பூத்த முகம், எப்போதும் சிடுசிடுப்பு. முதல் பக்கத்திலேயே, "இவளைப் போல விரும்பத் தகாத குழந்தையைப் பார்த்ததே இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள்" என்கிற தோரணையில்தான் ஆசிரியை அவளை நமக்கு அறிமுகம் செய்து வைக்கிறார்.

மேரி பிறந்தது நம் இந்தியாவில். தகப்பனார் ஆங்கிலேய சர்க்காரில் உத்தியோகஸ்தர். தாயார் பெரிய அழகி. விருந்தும் கேளிக்கையுமாக இருப்பவள். பெண் குழந்தை வேண்டும் என்று அவள் நினைத்ததே இல்லை. பிறந்த உடனே ஓர் ஆயாவின் கையில் கொடுத்து, "கண்ணில் படாமல் வைத்துக் கொள்" என்று சொல்லிவிட்டாள். திடீரென்று காலரா வருகிறது. முதலில் ஆயா போகிறாள். பிறகு தாயும் தகப்பனும் போகிறார்கள். மிஞ்சிய வேலைக்காரர்கள் ஓடிவிடுகிறார்கள். அந்தக் கலவரத்தில், உள்ளே ஒரு குழந்தை இருப்பதே ஒருவர் நினைவுக்கும் வரவில்லை. வெறும் பங்களாவில் மேரியும், தரையில் ஊர்ந்து போகும் ஒரு சின்னப் பாம்பும்தான் பாக்கி.

பிறகு கப்பல் பிரயாணம். இங்கிலாந்தின் வடக்கே யார்க்ஷயர். அங்கே 'மூர்' என்று சொல்லும் மேட்டு வெளி மைல் கணக்கில் கிடக்கிறது. பெரிய மரங்கள் கிடையாது. புதர்கள், மேயும் ஆடுகள், குட்டைக் குதிரைகள், ஓயாத காற்று. அந்த வெளியின் ஓரத்தில் அறுநூறு வருஷத்து மாளிகை ஒன்று. கிட்டத்தட்ட நூறு அறைகள். பெரும்பாலும் பூட்டிக் கிடப்பவை. சொந்தக்காரர் மேரியின் மாமா கிரேவன். மனைவி இறந்த நாள் முதல் யாரையும் பார்க்கப் பிடிக்காமல் ஊர் ஊராகத் திரிகிறவர். அவர் ஒரு தோட்டத்தையும் பூட்டி வைத்திருக்கிறார். சுவர் இருக்கிறது, கதவு எங்கே என்று தெரியவில்லை. பூட்டிப் பத்து வருஷம் ஆயிற்று. சாவியை மண்ணில் புதைத்துவிட்டார்!

இது மர்மக் கதையா, குழந்தைக் கதையா என்று கேட்பீர்கள். கொலை கிடையாது, திருட்டுக் கிடையாது, துப்பறியும் சாம்பு போன்ற ஆசாமி ஒருவரும் கிடையாது. ஆனால் பூட்டிய தோட்டம் ஒன்று, புதைத்த சாவி ஒன்று, ராத்திரியில் கேட்கும் அழுகை ஒன்று. ஒரு மர்மக் கதைக்கு வேறென்ன வேண்டும்?

* * *

தோட்டத்தின் மர்மம் சீக்கிரமே விடுபட்டுவிடுகிறது. மார்பு சிவந்த ராபின் என்ற சின்னப் பறவை மேரிக்குச் சிநேகமாகிறது. நாய் ஒன்று பறித்துப் போட்ட மண்ணில் அது புழு தேடுகிறது. அங்கே துருப்பிடித்த வளையம் ஒன்று தெரிகிறது, இழுத்தால் சாவி! இன்னொரு நாள் காற்று வீசிக் கொடியை ஒதுக்குகிறது, பின்னால் கதவு!

உள்ளே போனால், இலையெல்லாம் உதிர்ந்து சாம்பல் நிறமாகக் கிடக்கும் ரோஜாக் கொடிகள். செத்தவையா, உயிருள்ளவையா என்று மேரிக்குத் தெரியவில்லை. வேலைக்காரப் பெண் மார்த்தாவின் தம்பி டிக்கன், பன்னிரண்டு வயதுப் பையன், கத்தியால் ஒரு குச்சியைச் சீவிப் பார்க்கிறான். உள்ளே பச்சை! எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு மூச்சு ஒரு கணம் நிற்கும்.

ஆனால் அழுகையின் மர்மம் அவ்வளவு சுலபமாக விடுபடவில்லை. மாளிகையின் நீண்ட தாழ்வாரத்தில் எங்கோ ஒரு குழந்தை அழும் சத்தம் மேரிக்குக் கேட்கிறது. மார்த்தாவிடம் கேட்டால் காற்று என்கிறாள். காற்று இல்லை என்றால், அடுக்களையில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணுக்குப் பல்வலி, அவள்தான் என்கிறாள். வீட்டுக் காரியஸ்தி மெட்லாக் அம்மாளோ, "உனக்கு ஒன்றும் கேட்கவில்லை" என்று அதட்டி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அறையில் விடுகிறாள்.

காற்று, பல்வலி, பூனை! சீமையானால் என்ன, தஞ்சாவூரானால் என்ன, பெரியவர்கள் எல்லாரும் ஒரே பள்ளிக்கூடத்தில்தான் படித்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் இன்னொரு கதை ஞாபகம் வருகிறது. இதற்குப் பத்து வருஷம் முன்னால், 1901-லும் 1902-லும் லண்டன் பத்திரிகை ஒன்றில் கானன் டாயில் எழுதிய 'பாஸ்கர்வில்ஸ் வேட்டை நாய்' வந்தது. அங்கேயும் ஒரு மூர். தெற்கே டெவன் சீமையில் இருப்பது. அங்கேயும் பழைய மாளிகை. அங்கேயும் நடுநிசியில் ஒரு பெண் விம்மும் சத்தம். காலையில் விசாரித்தால், வீட்டு வேலைக்காரத் தலைவன், தன் மனைவி அழவே இல்லை என்று சாதிக்கிறான். அவள் கண்களோ சிவந்திருக்கின்றன! ஆனால் ஹோம்ஸ் கதையில் அந்த விம்மல் ஒரு துப்பு. அதைப் பிடித்துக்கொண்டு போனால், மூரில் ஒளிந்திருக்கும் கைதி அகப்படுவான். அதோடு அழுதவளின் வேலை முடிந்தது. பர்னெட் அம்மாள் கதையில் அழுகை வேறு எதற்கும் துப்பு அல்ல. அழுகிறது யார், ஏன் அழுகிறது என்பதுதான் கதையே. இரண்டு கதைகளையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள், இந்த வித்தியாசம் தெரியும்.

ஒரு மழை ராத்திரி. மேரி மெழுகுவர்த்தியைக் கையில் எடுத்துக்கொண்டு, அழுகை வந்த திசையில் நடக்கிறாள். தாழ்வாரம் தாண்டித் திரைச்சீலை தொங்கும் ஒரு கதவு. திறக்கிறாள். பெரிய கட்டிலில் வெளுத்த முகத்துடன் ஒரு பையன். அவன் இவளைப் பேய் என்று நினைக்கிறான். இவள் அவனைப் பேய் என்று நினைக்கிறாள். அவன்தான் காலின், கிரேவனுடைய மகன். அவன் பிறந்த சமயத்தில்தான் தாய் போனாள். தோட்டத்து மரத்தில் அவள் வழக்கமாக உட்காரும் கிளை முறிந்து விழுந்து, மறுநாள் இறந்தாள். மகனின் முகத்தில் தாயின் கண்கள்! அதைப் பார்க்கத் தாளாமல், மகன் தூங்கும்போது மட்டும் தகப்பனார் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். தோட்டத்தைப் பூட்டிய கை பிள்ளையையும் பூட்டிவிட்டது.

அப்புறம் என்ன ஆயிற்று? தோட்டம் அந்தப் பையனை என்ன செய்தது? அதை நான் சொல்லப் போவதில்லை. கடைசி அத்தியாயத்தைச் சொல்லிவிடுகிறவர்களை எனக்கும் பிடிக்காது.

ஒன்று மட்டும் சொல்லலாம். நல்ல காற்றும், மண்ணைக் கொத்துவதும், 'என்னால் முடியும்' என்ற எண்ணமும் இருந்தால் எந்த நோயும் ஓடிவிடும் என்று இந்தக் கதை கொஞ்சம் அதிகமாகவே நம்புகிறது. நிஜமாகவே நோயுற்ற குழந்தை உள்ள வீட்டில் இதைப் படித்தால் மனம் நோகும். காலினுக்குப் பயம்தான் நோயாக இருந்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படி இல்லை.

* * *

நிஜமான நோய் என்ன என்று ஆசிரியைக்குத் தெரியாததல்ல. 1849-ல் மான்செஸ்டரில் பிறந்தார். நான்கு வயது நிரம்புவதற்குள் தகப்பனார் போய்விட்டார். 1865-ல் குடும்பம் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, டென்னஸி மாகாணத்தில் வறுமையில் இறங்கிற்று. காட்டுத் திராட்சை விற்ற காசில் காகிதமும் தபால் தலையும் வாங்கிப் பத்திரிகைக்குக் கதை அனுப்பிய பெண் அவர். பதினெட்டு, பத்தொன்பது வயதில் எழுதியே குடும்பத்தைத் தாங்க ஆரம்பித்தார். பிற்பாடு புகழும் பணமும் ஏராளமாக வந்தன.

இரண்டு பிள்ளைகள். மூத்தவன் லயனல். 1890-ஆம் வருஷம், பதினாறு வயதில், க்ஷயரோகத்தால் பாரிஸில் இறந்து போனான். ஒன்பது மாதம் படுக்கை. அந்த ஒன்பது மாதமும் தாய் முகத்தில் கவலையைக் காட்டவே இல்லை; தான் சாகப் போகிறோம் என்பது பிள்ளைக்குத் தெரியாமலே பார்த்துக்கொண்டார்.

எட்டு வருஷம் கழித்து, இங்கிலாந்தில் கென்ட் சீமையில் மேதம் ஹால் என்ற மாளிகையை வாடகைக்கு எடுத்தார். அங்கே சுவர் சூழ்ந்த பழைய தோட்டம் ஒன்று புதர் மண்டிக் கிடந்தது. சுத்தம் செய்வித்து ரோஜா வைத்தார். அங்கேயே உட்கார்ந்து எழுதுவார். ஒரு ராபின் பறவை வந்து கையில் இரை எடுத்துக்கொள்ளும். 1907-ல் அந்த வீட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று. கென்ட் தோட்டத்தையும் ராபினையும் யார்க்ஷயருக்குத் தூக்கிக்கொண்டு போய் வைத்துத்தான் இந்தக் கதையை எழுதினார்.

தம் பிள்ளையிடம் சாவை மறைத்த அதே தாய், கதையில் என்ன எழுதுகிறார், பாருங்கள். காலினுக்கு எதிரே ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் அவர்கள் கிசுகிசுப்பது அத்தனையும் அவன் காதில் விழுந்திருக்கிறது. மறைத்ததெல்லாம் அவனுக்குத் தெரியும்; பேசத்தான் ஆள் இல்லை. லயனலை நினைத்துத்தான் எழுதினாரா? தாய்மார்களே, உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ, எனக்கும் அதுதான் தோன்றுகிறது.

* * *

போன மாதம் இந்தப் புத்தகத்தை என் மகளிடம் கொடுத்தேன். தயங்கித் தயங்கித்தான் கொடுத்தேன். ஏனென்றால், நமக்கு உறுத்தும் இடங்கள் இதில் உண்டு. மேரி கோபம் வந்தால் ஆயாவின் கன்னத்தில் அறைவாள். பன்றியின் மகளே என்று திட்டுவாள். இந்தியர்கள் மனிதர்களே அல்லர், சலாம் போடுகிற வேலைக்காரர்கள் என்று மார்த்தாவிடம் கத்துவாள். மேரிதான் கெட்ட பெண், திருந்தப் போகிறாள் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஆசிரியைக்குமே இந்தியா என்றால் வெயில், சோம்பல், நோய். இங்கிலாந்து என்றால் காற்று, பசி, ஆரோக்கியம். அது அந்தக் காலத்துக் கண்.

மகள் நாலைந்து நாளில் படித்து முடித்தாள். தோட்டம் எப்படி, டிக்கன் எப்படி என்று கேட்கக் காத்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

"அம்மா, அந்த ஆயா பேர் என்ன?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. புத்தகத்தைப் புரட்டினேன். தோட்டக்காரக் கிழவருக்குப் பெயர் உண்டு. பல்வலிக்காரப் பெண்ணுக்குக் கூடப் பெயர் உண்டு. ஆயாவின் பெயரோ முதல் அத்தியாயத்தில் போகிற போக்கில் 'ஸெய்டி' என்று வருவதோடு சரி; மற்றபடி அவள் வெறும் ஆயாதான்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. மேரி முதல் முதலாகக் கேட்ட அழுகை யார்க்ஷயரில் கேட்டதல்ல. முதல் அத்தியாயத்திலேயே, பங்களாவின் வேலைக்காரர் குடியிருப்பிலிருந்து பெரிய ஓலம் எழுகிறது. ஆயா இறந்துவிட்டாள். அந்த அழுகையைத் தேடி மேரி போகவில்லை. ஆயாவுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவும் இல்லை.

அப்படிப்பட்டவள் எப்படி மெழுகுவர்த்தியோடு கிளம்பினாள்? இடையில் என்ன நடந்தது? பெரிதாக ஒன்றுமில்லை. மார்த்தா அவளை எஜமானியாக நடத்தாமல், தன் வீட்டுக் கதைகளைச் சொன்னாள். பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்ற அவள் தாய், தகப்பனாரின் வாரம் பதினாறு ஷில்லிங் வருமானத்தில் நடக்கும் குடும்பத்தில், மார்த்தா கொண்டு வந்த சம்பளத்திலிருந்து இரண்டு பென்ஸை எடுத்து, முன்பின் பார்த்திராத மேரிக்குக் குதித்து விளையாடக் கயிறு வாங்கி அனுப்பினாள். தனக்குப் பிடித்தவர்கள் ஐந்து பேர் ஆகிவிட்டார்களே என்று மேரியே ஒருநாள் எண்ணிப் பார்த்து ஆச்சரியப்படுகிறாள். அந்த ஐந்தில் ஒன்று ராபின்! தன்மேல் நாலு பேருக்கு அக்கறை உண்டு என்று தெரிந்த பிறகுதான் குழந்தைக்குப் பிறத்தியார் அழுகை காதில் விழுகிறது.

சரி, காலினைக் கண்டுபிடித்த ராத்திரி மேரி என்ன செய்கிறாள், தெரியுமா? தூக்கம் வராமல் தவிக்கிற பையனின் கையை மெல்லத் தட்டிக்கொடுத்து, தாழ்ந்த குரலில் ஹிந்துஸ்தானிப் பாட்டு ஒன்றைப் பாடுகிறாள். ஆயா தனக்குப் பாடிய பாட்டு! பையன் தூங்கிப் போகிறான். அறை வாங்கியவள், பெயர் மறந்து போனவள், மேரியின் கண்ணீரைப் பெறாதவள் கொடுத்துவிட்டுப் போன சொத்துத்தான் அந்த மாளிகையில் ஒரு பிள்ளையைத் தூங்க வைக்கிறது.

நிஜ உலகத்திலும் இப்படி எத்தனையோ ஆயாக்கள் இருந்தார்கள். வெள்ளைக்காரக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளக் கப்பலில் கூடவே போனார்கள். லண்டன் போய்ச் சேர்ந்ததும், திரும்பி வரச் சீட்டுக் கூட வாங்கித் தராமல் சிலரை விட்டுவிட்டார்கள். அவர்கள் தங்குவதற்கென்று 1900 முதல் லண்டன் ஹாக்னி பகுதியில் 'ஆயாக்கள் இல்லம்' ஒன்று நடந்தது. அந்த இல்லம் இருந்த கட்டிடத்துக்கு 2022-ல்தான் ஞாபகப் பலகை வைத்தார்கள்.

* * *

இனி, பூனை.

பன்னிரண்டாவது வயதில், பள்ளிக்கூட லைப்ரரிப் புத்தகமாக இதை எடுத்துக்கொண்டு பாட்டி வீட்டுக்குப் போனேன். மேரி மெழுகுவர்த்தி எடுத்த அத்தியாயத்தைப் படித்த ராத்திரியே பூனை அழுதது. பாட்டியின் தலைமாட்டிலிருந்த டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு எழுந்தேன். முற்றத்தைத் தாண்டினேன். நெல் பத்தாயம் இருக்கும் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது.

பெரியம்மா உட்கார்ந்திருந்தாள். பெரியப்பாவுக்கு வெளியூரில் உத்தியோகம்; பாட்டிக்குத் துணையாகப் பெரியம்மா அங்கேயே இருந்தாள். பகலில் எங்களுக்கெல்லாம் எண்ணெய் தேய்த்து விடுகிறவள், சோறு பிசைந்து கையில் உருட்டிப் போடுகிறவள், சிரித்துக்கொண்டே இருக்கிறவள். மடியில் ஒரு சின்னப் பட்டுப் பாவாடை. நாலு வயதுக் குழந்தைக்குக் கூடச் சரியாக இருக்கும், அவ்வளவு சின்னது.

வாசற்படிக்கு மூன்று அடி தூரத்தில் நின்றேன். மேரி கதவைத் திறந்தாள். நான் டார்ச்சை அணைத்துவிட்டுத் திரும்பி வந்து படுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பெரியம்மா வழக்கம் போலக் காபி ஆற்றிக் கொடுத்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வருஷமும் கேட்கவில்லை. காலேஜில் படித்தபோதும், பத்திரிகையில் சேர்ந்து முன்பின் தெரியாதவர்களை யெல்லாம் கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்கியபோதும் கேட்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன் பெரியம்மா போய்விட்டாள். பத்தாம் நாள் ராத்திரி அம்மா சொன்னாள். பெரியம்மாவுக்கு ஒரு பெண் இருந்தாளாம். நான் பிறப்பதற்கு முந்திய வருஷம், மழைக் காலத்துக் காய்ச்சலில், நாலாவது வயதில் போய்விட்டாளாம். பெயரைச் சொன்னால் பெரியம்மா தாங்கமாட்டாள் என்று வீட்டில் ஒருவரும் சொல்லாமலே விட்டுவிட்டார்களாம். எனக்கு ஓர் அக்கா இருந்தாள் என்பதும், அவள் பெயரும் அன்றைக்குத்தான் தெரிந்தன. அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். பெரியம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டிய பெயர் அது. அச்சில் போடுவதற்கு அல்ல.

பாட்டிமேல் எனக்குக் கோபம் இல்லை. கிரேவனும் கெட்ட எண்ணத்தோடு தோட்டத்தைப் பூட்டவில்லை. பூட்டுகிறவர்கள் பிரியத்தினால்தான் பூட்டுகிறார்கள். புண்ணைத் தொடாமல் இருந்தால் ஆறிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆனால், பத்தாயத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு அது தெரியாது. 'என் குழந்தையை எல்லாரும் மறந்துவிட்டார்கள்' என்றல்லவா அவளுக்குத் தோன்றும்? அன்றைக்கு நான் உள்ளே போயிருந்தால் என்ன பேசியிருப்பேன்? பன்னிரண்டு வயதில் ஆறுதல் சொல்லத் தெரியாதுதான். "இது யார் பாவாடை, பெரியம்மா?" என்று கேட்டிருக்கலாம். அது போதும். மேரியும் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. காலின் என்றால் யார் என்றுதான் கேட்டாள்.

ஆகையால், சகோதரிகளே, புத்தகம் கிடைத்தால் வாங்கி வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். ஆயாவைப் பற்றி அவர்கள் கேட்டால், தெரிந்ததைச் சொல்லுங்கள். அப்புறம், என்றைக்காவது ராத்திரியில் உங்கள் வீட்டில் ஒரு குழந்தை எழுந்து உட்கார்ந்து, "யாரோ அழறாங்க" என்றால், "பூனை, தூங்கு" என்று சொல்லிவிடாதீர்கள். அதன் கையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள்.

நிஜமாகவே பூனையாக இருந்தால், கொஞ்சம் பால் ஊற்றிவிட்டு வாருங்கள். நஷ்டம் ஒன்றுமில்லை.